பூட்டிய கதவும் பொது அறமும்

கள்ளாமையையும் புலால் மறுத்தலையும் அறத்துப்பாலில் வைத்த திருவள்ளுவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்தார். அரசையும் அமைச்சையும் நாட்டையும் நட்பையும் பேசும் பகுதியில் அது 93-ஆம் அதிகாரமாக நிற்கிறது. அதை அடுத்துச் சூது. சூதை அடுத்து, 95-ஆவதாக, மருந்து. இவ்வைப்பு முறைக்கு உரை கண்டோர் பல காரணம் கூறலாம். நமக்குத் தோன்றுவது ஒன்று. குடி, குடிப்பவன் ஒருவனோடு முடிந்துபோகும் செய்தி அன்று. அது நாட்டின் செய்தி, ஆள்வோரின் செய்தி.

மருந்து அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகள் எண்ணப்படுகின்றன. நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்பன அவை. நான்கும் செம்மையாயின் நோய் தீரும். ஆனால் ஒரு நோயில் இந்நான்கும் தடுமாறக் காண்கிறோம். நோயுற்றவன் தனக்கு நோயே இல்லை என்கிறான். தீர்க்க வந்தவர் அவனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுகிறார். கொடுக்கும் மருந்து இன்னதென்று வீட்டாருக்குத் தெரிவதில்லை. உடனிருந்து பேண வேண்டிய மகனோ, தம்பியோ கடல் கடந்த ஊரில் வேலை பார்க்கிறான். அத்தகைய நோய்தான் குடிநோய். மற்றப் போதை நோய்களும் அதன் உடன்பிறப்புகளே. இங்கே நான்கு உறுப்புகள் போதுமா? ஐந்தாவதாக ஒருவர் வேண்டாவா?

இதனுள் பழமையான ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. ஒருவனுடைய நன்மைக்காகவே அவனுடைய உரிமையைச் சிறிது காலம் எடுத்துக்கொள்ளலாமா? கொள்ளலாம் என்றால், எடுத்துக்கொண்டவரைப் பார்ப்பவர் யார்? இதனை ஒரு நிலப்பகுதியின்மேல் வைத்து ஆராய்வோம்.

எல்லையும் நோயும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை என்று ஊர்கள் அடுத்தடுத்து வருகின்றன. இஞ்சிவிளையைக் கடந்தால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகி இப்புறம் வந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய ஒன்பது வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றது. அந்தத் தீர்ப்பை மீண்டும் வழக்காடுவது நம் நோக்கம் அன்று. கோடு விழுந்த பின்னும் உறவு அறுபடவில்லை என்பதையே கூற வருகிறோம். வீட்டில் தமிழும் அங்காடியில் மலையாளமும் பேசி, இருபுறமும் பெண் கொடுத்தும் கொண்டும் வாழும் குடும்பங்கள் இன்றும் அங்கே உள்ளன. அவர்களுள் பலர் வளைகுடா நாடுகளுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்து சென்றவர்கள்.

அமரவிளையில் கேரளக் கலால் துறையின் சோதனைச் சாவடி உள்ளது. சரக்கு இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் செல்லாதபடி காப்பது அதன் பணி. தமிழ்நாட்டில் 1983-இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. கேரளத்தில் 1984-இல் அமைந்த மதுபானக் கழகமும் அவ்வாறே கடைகளை நடத்துகிறது. ஆக, புட்டியின்மேல் ஒட்டும் முத்திரை இரண்டு. அதனால் வரும் நோய் ஒன்று. புட்டி எல்லை தாண்டினால் பிடிப்பதற்குச் சாவடி உண்டு. நோயாளி எல்லை தாண்டினால் அவன் எங்கே வைக்கப்பட்டான், எவ்வாறு நடத்தப்பட்டான் என்று கேட்பதற்கு அதுபோல் ஒரு சாவடி உண்டா?

இம்மண்ணுக்கு வேறொரு மரபும் உண்டு. நெய்யாற்றின்கரைக்கு அருகே, நெய்யாற்றங்கரையில் உள்ள அருவிப்புறத்தில்தான் நாராயண குரு 1888-இல் சிவலிங்கத்தை நிறுவினார். தமிழும் நன்கறிந்த அப்பெரியார், கள்ளிறக்குவதைத் தொழிலாகக் கொண்ட மக்களிடையே பிறந்தும், மது செய்வதையும் விற்பதையும் குடிப்பதையும் விட்டொழிக்குமாறு அம்மக்களையே வேண்டினார். நெய்யாற்றின்கரையில் பிறந்த காந்தியடிகளின் தொண்டர் கோ. இராமச்சந்திரன், சௌந்தரம் அம்மையாருடன் தமிழ்நாட்டிற்கு வந்து 1947-இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார். எல்லைக்கு அப்பால் பிறந்தவர் இப்பால் வந்து தொண்டு செய்த வரலாறு இது. துன்பத்தைத் துடைப்பதற்கு எல்லைக்கோடு தடையாதல் கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அதே நெய்யாற்றின்கரையில் இன்று திருவனந்தபுரம் மாவட்டத்திற்கான அரசின் போதை மீட்பு மையம் இருக்கிறது. கேரள அரசு 2016-இல் தொடங்கிய 'விமுக்தி' இயக்கத்தின் கீழ் மாவட்டத்திற்கு ஒன்றாக 14 மையங்கள் அரசு மருத்துவமனைகளில் அமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனையில் உள்ளது. இது நற்பணி. எனினும் சிந்தனைக்குரிய ஒன்று இதனுள் உண்டு. விமுக்தியை நடத்துவது கலால் துறை. மதுவிற்கு உரிமம் வழங்கித் தீர்வை தண்டும் துறையே, மதுவால் வீழ்ந்தவரை எடுத்து நிறுத்தும் பணியையும் மேற்கொண்டிருக்கிறது. ஒரு கையால் வாங்கி மறுகையால் வழங்குவதை முற்றிலும் பழிப்பது முறையன்று. ஒன்றும் வழங்காதிருப்பதைவிட அது மேலானதே. ஆனால் வாங்கும் கை, வழங்கும் கை இரண்டையும் பார்க்கும் கண் அந்த உடம்பிலேயே இருத்தல் ஆகுமா என்பது கேள்வி.

நோயா, குற்றமா?

'குடித்தது அவன், துன்பத்தையும் அவனே படட்டும்' என்று கூறுவோர் நம்மிடையே உண்டு. முதல் குவளையை எடுத்தபோது அவன் விரும்பியே எடுத்தான் என்பது உண்மை. ஆயின் ஆயிரமாவது குவளையை அவன் எடுக்கவில்லை. அவனுடைய உடம்பு எடுத்தது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கை நடுங்குகிறது, வியர்வை பெருகுகிறது, உறக்கம் போகிறது. முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் அறிவு மயங்கி, இல்லாதவற்றைக் கண்டு அலறும் நிலை தோன்றலாம். உரிய மருந்தும் 'பி1' உயிர்ச்சத்தும் கொடுத்து மருத்துவர் அருகிருந்து காக்காவிட்டால் உயிரே போகும். குடியை விடவைப்பது அறிவுரையாலும் பூட்டாலும் மட்டும் ஆகும் செயல் அன்று என்பதற்கு இதுவே போதிய காரணம். மருத்துவர் இல்லாத ஓர் அறையில் குடிநோயாளியை அடைத்து வைத்து 'விட்டுவிடுவான்' என்று காத்திருப்பது, நீந்தத் தெரியாதவனை ஆற்றில் தள்ளிக் கரையேறுவான் என்று காத்திருப்பதை ஒக்கும்.

2020 மார்ச்சுத் திங்களில் இவ்வுண்மை கேரளத்தில் வெளிப்பட்டது. கொள்ளைநோய்க்காக நாடே அடைக்கப்பட்டபோது மதுக்கடைகளும் அடைபட்டன. மது கிடைக்காத தவிப்பில் உயிரை மாய்த்துக்கொண்டோர் பற்றிய செய்திகள் நாள்தோறும் வந்தன. அரசு, மருத்துவர் சான்று தந்தால் குடிநோயாளிக்கு மது வழங்கலாம் என்று மார்ச்சு 30-இல் ஆணையிட்டது. மருத்துவர் சங்கங்கள் எதிர்த்தன. மதுவை மருந்துச் சீட்டில் எழுதுவது மருத்துவ அறம் ஆகாது என்றன. ஏப்பிரல் 2-ஆம் நாள் கேரள உயர்நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. அரசின் எண்ணத்தில் இரக்கம் இருந்தது என்பதை மறுக்க வேண்டுவதில்லை. எனினும் இரக்கம் மட்டும் இருந்து, அதைச் சீர்தூக்க வேறொருவர் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அரசின் செயலை நிறுத்திப் பார்க்க அன்று ஒரு நீதிமன்றம் இருந்தது. ஒரு சிற்றூரின் ஓரத்தில், மதிலுக்குள் இயங்கும் மறுவாழ்வு இல்லத்தின் செயலை நிறுத்திப் பார்க்க யார் இருக்கின்றனர்?

மூன்று மௌனங்கள்

பிற நோய்க்கு இல்லாத கண்காணிப்பு இந்நோய்க்கு மட்டும் ஏன் என்று வினவலாம். மூன்று மௌனங்கள் இந்நோயைச் சூழ்ந்து நிற்பதே காரணம்.

முதலாவது, நோயாளியின் மௌனம். அவன் பேசாமல் இல்லை. பேசினாலும் எவரும் நம்புவதில்லை. எத்தனையோ முறை பொய் கூறிப் பணம் பெற்றவன். 'இனிக் குடியேன்' என்று பிள்ளையின் தலையில் கை வைத்துச் சொல்லி மறுநாளே குடித்தவன். அத்தகையவன் 'என்னை அடிக்கிறார்கள்' என்று கூறினால், 'வெளியே வரச் சூழ்ச்சி செய்கிறான்' என்றே வீட்டார் எண்ணுவர். அவ்வாறு எண்ணுமாறு இல்லத்தாரும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கலாம். மெய் பேசும் ஒருநாளிலும் அவன் சொல் அம்பலம் ஏறாது.

இரண்டாவது, வீட்டாரின் மௌனம். அடியும் வசையும் பட்டுப் பல ஆண்டுகள் உறக்கம் இழந்த மனைவிக்கு, கணவன் இல்லாத முதல் இரவு தருவது விடுதலை. அவன் எங்கே எப்படி இருக்கிறான் என்று துருவிக் கேட்க அவளுக்கு வலிமையில்லை. அவளைக் குறை கூறுவோர் அவள் பட்ட பாட்டை அறியாதவர். ஊராருக்கு வெளியூரில் வேலை என்று சொல்லி மறைக்க வேண்டிய நாணமும் உடன் சேர்கிறது.

மூன்றாவது, தொலைவின் மௌனம். இது பெயர்ந்து வாழும் நம்மைப் பற்றியது. துபாயிலோ மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனுக்கு ஊரிலிருந்து தொலைபேசி வருகிறது. தந்தை தெருவில் விழுந்து கிடந்தார் என்று அத்தை சொல்கிறார். நல்ல இல்லம் ஒன்று இருப்பதாக ஒருவர் சொல்கிறார். மாதத்திற்கு இவ்வளவு என்று கூறுகின்றனர், மகன் அனுப்புகிறான். மூன்று திங்கள், ஆறு திங்கள் என்று கணக்கு. 'இப்போது பேசவிட்டால் மனம் கலைந்துவிடும்' என்று கூறித் தொலைபேசியைத் தர மறுக்கின்றனர். மகன் அதையும் ஏற்கிறான். பணம் அனுப்புகிறவன் பார்ப்பதில்லை, பார்க்கிறவர் கேட்பதில்லை, கேட்கப்பட வேண்டியவனுக்குக் குரல் இல்லை. எல்லைப்புறத் தமிழனுக்கு இன்னும் ஒரு சுமை உண்டு. அவன் சேர்க்கப்பட்ட இடத்தின் பதிவேடும் மருத்துவக் குறிப்பும் அவன் படிக்க இயலாத எழுத்தில் இருக்கலாம்.

இம்மூன்று மௌனங்களுக்கும் நடுவே ஒரு வணிகம் எளிதில் முளைக்கும். இந்திய அரசின் சமூகநீதி அமைச்சகத்திற்காக அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனம் நடத்தி 2019-இல் வெளிவந்த ஆய்வு, நாட்டில் சற்றேறக்குறைய 16 கோடிப் பேர் மது அருந்துவதாகவும், அவர்களுள் 5 கோடியே 70 இலட்சம் பேருக்கு உதவி தேவைப்படுவதாகவும் மதிப்பிட்டது. மதுவுக்கு அடிமையானோருள் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்தது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவரே. தேவை இத்துணைப் பெரிது, வசதி இத்துணைச் சிறிது என்னும்போது, இடைப்பட்ட வெற்றிடத்தில் நல்லோரும் வருவர்; நல்லோர் போன்றோரும் வருவர். வாயிற்பலகை ஒன்றுபோலவே இருக்கும்.

ஏர்வாடியும் விழுப்புரமும்

இவை கற்பனை அச்சங்கள் அல்ல. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியுமுன், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளர்களை வைத்திருந்த ஓர் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். ஓட முடியாமல் வெந்து மாண்டோர் தொகை முடிவில் 28 ஆயிற்று. அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர் அல்லர். தாயும் தந்தையும் உடன்பிறந்தாருமே. தருகாவின் அருளால் நோய் தீரும் என்னும் நம்பிக்கையோடு வந்தவர்கள். உச்சநீதிமன்றம் இதனைத் தானே வழக்காக எடுத்துக்கொண்டு, இத்தகைய இல்லங்களைக் கணக்கெடுத்துச் சீர்செய்யுமாறு எல்லா மாநிலங்களையும் பணித்தது. ஏர்வாடியின் இல்லங்கள் மூடப்பட்டன.

பாடம் கற்றோம் என்று எண்ணியிருந்தோம். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்புஜோதி ஆசிரமம் என்னும் இல்லம் செய்தியாயிற்று. மனநோயுற்றோர், ஆதரவற்றோர், குடிநோயாளர் எனப் பலரும் அங்கே வைக்கப்பட்டிருந்தனர். அவ்வில்லம் உரிய பதிவின்றிப் பல ஆண்டுகள் இயங்கியதாக அதிகாரிகள் தெரிவித்தனர். 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். கொடுமைகள் பற்றிய குற்றச்சாட்டுகள் எழுந்து, வழக்கு குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறையிடம் சென்றது. அது வெளிப்பட்ட முறையை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். எந்தத் துறையின் ஆய்வும் அதை வெளிக்கொணரவில்லை. வெளிநாட்டில் வாழும் ஒருவர் தாய்நாடு வந்து, அங்கே சேர்த்திருந்த முதிய உறவினரைப் பார்க்கச் சென்றார். முதியவர் அங்கே இல்லை. வெளி மாநிலத்திலுள்ள வேறோர் இல்லத்திற்கு அனுப்பியதாகக் கூறினர். அங்கும் அவர் இல்லை. ஆட்கொணர்வு மனு சென்னை உயர்நீதிமன்றத்திற்குச் சென்ற பின்னரே அரசின் கண் திறந்தது. கடல் கடந்து வாழ்ந்த ஓர் உறவினரின் பிடிவாதம் இல்லையேல் அக்கதவு இன்னும் எத்தனை காலம் பூட்டியே இருந்திருக்குமோ!

முதியவர் மாநில எல்லையைக் கடத்தப்பட்டதும் குறிக்கத்தக்கது. எல்லை தாண்டியவுடன் ஒரு மனிதனைப் பற்றிய பொறுப்பு ஒரு பதிவேட்டிலிருந்து நழுவுகிறது. மற்றொரு பதிவேட்டில் ஏறுவதில்லை. விழுப்புரத்திலிருந்து வெளி மாநிலம் செல்ல நெடுவழி கடக்க வேண்டும். பாறசாலையிலிருந்து ஒரு பேருந்து நிறுத்தம் கடந்தால் போதும்.

சட்டம் சொல்வது

சட்டம் இல்லை என்று கூறுவதற்கில்லை. 2017-இல் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் விளையும் மனநிலைக் கேடுகளையும் தன் வரம்பில் கொண்டது. ஆகவே குடிநோயாளியைத் தங்கவைத்துச் சிகிச்சை செய்யும் இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெறுதல் வேண்டும். அதன் 95-ஆம் பிரிவு எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. 97-ஆம் பிரிவு தனிச்சிறை வைப்பதைத் தடுக்கிறது. நோயாளி தன் உடையை உடுத்தலாம். அவன் தலையைக் கட்டாயமாக மழித்தல் கூடாது. கூலியின்றி வேலை வாங்குதல் கூடாது. அவன் தொலைபேசியில் பேசலாம். தன் மருத்துவக் குறிப்பைக் கேட்டுப் பெறலாம்.

அவனுடைய இசைவின்றிச் சேர்ப்பதற்கும் வரம்பு உண்டு. தனக்கோ பிறர்க்கோ தீங்கு செய்யும் நிலையில் அல்லது தன்னைப் பேணிக்கொள்ள இயலா நிலையில் அவன் இருத்தல் வேண்டும். மனநல மருத்துவர் உள்ளிட்ட இருவர் தனித்தனியே ஆய்ந்து ஒப்புதல் வேண்டும். அது 30 நாள் மட்டுமே. சேர்த்ததை ஏழு நாளுக்குள், பெண்ணாயின் மூன்று நாளுக்குள், மனநல மறுஆய்வு வாரியத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். அவ்வாரியத்தின் தலைவர் மாவட்ட நீதிபதி நிலையினர். உறுப்பினருள் நோயுற்று மீண்டோர், பேணுவோர், தொண்டு நிறுவனத்தார் ஆகியோருக்கும் இடம் உண்டு. முப்பது நாளுக்கு மேல் வைக்க வேண்டின் வாரியத்தின் இசைவு வேண்டும். மூன்று திங்கள், ஆறு திங்கள் என்று முன்பணம் பெற்றுப் பூட்டி வைக்கும் வழக்கம் சட்டத்தின் முன் எந்நிலை என்பதை வாசகரே உய்த்துணர்வர்.

குறை சட்டத்தின் சொல்லில் இல்லை. அதன் காலில் இருக்கிறது. சொல் நூலகத்தில் உள்ளது. கால் அந்த இல்லத்தின் வாயில்வரை நடப்பதில்லை. பொறுப்பு பல துறைகளில் சிதறிக் கிடப்பது ஒரு காரணம். மறுவாழ்வு மையங்களுக்குப் பணம் உதவுவது சமூகநீதித் துறை. மருத்துவமனையை நடத்துவது நலவாழ்வுத் துறை. விமுக்தியை நடத்துவது கலால் துறை. பதிவு செய்வது மனநல ஆணையம். நால்வர் வீட்டுக் கன்று பட்டினி கிடப்பது போல, நால்வரும் பார்க்க வேண்டியதை ஒருவரும் பாராதொழிகின்றனர். பதிவின்றி நடத்துவோருக்கு முதல் முறை விதிக்கும் தண்டம் 5,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய்வரை. சிலரிடம் ஒரு திங்கள் தண்டும் கட்டணத்தில் அதைக் கட்டிவிடலாம்.

எழும் தடைகள்

இங்கே மூன்று தடைகள் எழக் கூடும். அவற்றைப் புறந்தள்ளாமல் எதிர்கொள்வதே முறை.

'விதிகளை இறுக்கினால் சிறிய இல்லங்கள் மூடப்படும். ஏழை எங்கே போவான்?' என்பது முதல் தடை. இது வலிமை உடையது. மனநல மருத்துவரை நாள்தோறும் அமர்த்தும் செல்வம் எல்லா இல்லத்திற்கும் இல்லை. தாமே குடியிலிருந்து மீண்டு, பிறரை மீட்கத் தம் வீட்டையே இல்லமாக்கிய நல்லோர் உண்டு. அவர்களைத் தண்டத்தால் விரட்டுவது அறமாகாது. விடை, கண்காணிப்பைக் கைவிடுவதில் இல்லை. கண்காணிப்போடு கைதூக்குவதையும் சேர்ப்பதில் இருக்கிறது. நஞ்சிறக்கும் முதல் நாள்களை அரசு மருத்துவமனையில் கழித்து, பின்னர்த் தேறும் காலத்தை இல்லத்தில் கழிக்குமாறு செய்யலாம். நெய்யாற்றின்கரை மருத்துவமனை போன்றவை சுற்றியுள்ள சிற்றில்லங்களுக்குத் தாய்மனையாக விளங்கலாம். ஏழைக்கு எது கிடைத்தாலும் போதும் என்று கூறுவோர், தம் தந்தையை அங்கே சேர்ப்பாரா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

'அறிவு மயங்கியவனுக்கு உரிமை ஏது? அவன் நலத்தை அறிந்தவர் நாமே' என்பது இரண்டாம் தடை. இவ்வாறு எண்ணியே சிலர் டைசல்ஃபிரம் போன்ற மருந்தை அவனறியாமல் உணவில் கலந்து கொடுக்கின்றனர். அம்மருந்து உள்ளிருக்க அவன் குடித்தால் குருதி அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே கேடு வரலாம். அன்பு, மருத்துவ அறிவுக்கு ஈடாகாது. மேலும், உரிமையைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்வது அதனைத் திருப்பித் தருவதற்காகவே. அடைக்கலப் பொருளைக் கொண்டவன் கணக்குக் காட்டுதல் கடன். பொன்னை அடகு வைத்தால் சீட்டுக் கேட்கிறோம். மனிதனை ஒப்படைக்கும்போது கேளாதிருத்தல் என்ன நியாயம்?

'எல்லாவற்றையும் அரசே நடத்தினால் தீமை வாராது' என்பது மூன்றாம் தடை. இதற்கு இலங்கை விடை கூறுகிறது. பொலன்னறுவைப் பகுதியிலுள்ள கந்தக்காடு மறுவாழ்வு முகாம் அரசினுடையது. படையினர் காவல் புரிவது. 2022 ஜூன் இறுதியில் அங்கே ஒருவர் இறந்ததையடுத்துக் கலவரம் மூண்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர். அதற்குப் பத்தாண்டு முன்னரே, 2012-இல், ஐக்கிய நாடுகள் அவையின் பல அமைப்புகள் ஒன்றுகூடி, போதை நோயாளரைக் கட்டாயமாக அடைத்து வைக்கும் முகாம்களை மூடுமாறு வேண்டியிருந்தன. நடத்துபவர் தனியாரா, அரசா என்பதைவிட, நடத்துபவரும் பார்ப்பவரும் வேறுவேறானவரா என்பதே முதன்மையான கேள்வி.

கதவைத் திறந்து வைத்தும் இப்பணியைச் செய்யலாம் என்பதற்குச் சான்று நம்மிடமே உண்டு. கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரில் நிறுவிய அறக்கட்டளை, நோயாளியோடு அவன் குடும்பத்தையும் அழைத்து அமர்த்திச் சிகிச்சை அளிக்கும் முறையைக் கைக்கொண்டது. குடும்பம் உள்ளே வந்து போகும் இல்லத்தில் சங்கிலிக்கு இடம் ஏது?

கண்காணிப்பு எவ்வாறு அமைதல் வேண்டும்?

நாள்தோறும் நாட்டை ஆராயாத மன்னன் நாள்தோறும் நாட்டை இழக்கிறான் என்னும் கருத்து வள்ளுவருடையது. அந்த ஆராய்ச்சி இக்காலத்தில் எவ்வடிவம் கொள்ளலாம் என்று எண்ணிப் பார்ப்போம்.

ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வருதல் வேண்டும். கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடாமல், நோயாளிகளுள் சிலரோடு இல்லத்தார் அருகில் இன்றித் தனியே பேசுதல் வேண்டும். ஒவ்வொரு சேர்க்கையும் விடுப்பும் இடமாற்றமும் இறப்பும் வாரியத்திற்குச் சென்று சேர்தல் வேண்டும். பதிவு பெற்ற இல்லங்களின் பட்டியல் ஊராட்சி அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் எவரும் படிக்கும்படி ஒட்டப்படுதல் வேண்டும். ஆய்வு செய்வோர், மது வருவாயோடு தொடர்புடைய துறைக்குக் கட்டுப்படாதவராக இருத்தல் வேண்டும்.

எல்லைப்புறத்திற்குத் தனியே இரண்டு தேவை. ஒன்று, கேரளத்தின் மனநல ஆணையமும் தமிழ்நாட்டின் மனநல ஆணையமும் தம் பதிவேடுகளை ஒன்றோடொன்று இணைத்தல். பாறசாலையில் சேர்ந்தவன் மார்த்தாண்டத்திற்கு மாற்றப்பட்டால் இருவர் ஏட்டிலும் அது ஏறுதல் வேண்டும். சட்டம் நடுவண் அரசின் சட்டமே ஆதலால் இதற்குப் புதுச் சட்டம் வேண்டுவதில்லை. மனம் இருந்தால் போதும். மற்றொன்று மொழி. குறைதீர்க்க வேண்டும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்று அரசமைப்பின் 350-ஆம் பிரிவு உறுதி கூறுகிறது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுத வழி வகுத்தது. அவ்வுரிமை மனு எழுதுவோடு நில்லாமல், நோயாளியின் வாய்ச்சொல்லுக்கும் நீளுதல் வேண்டும். நடுக்கமும் கலக்கமும் கொண்ட ஒருவன் தன் துன்பத்தைத் தாய்மொழியில் அல்லாமல் வேறெம்மொழியில் சொல்வான்?

நம் கடமை

அரசைக் குறை கூறி அமைவது எளிது. ஐந்தாம் உறுப்பின் ஒரு பகுதி நாமே. ஊரில் உள்ள உறவினரை ஓர் இல்லத்தில் சேர்க்குமுன் நாம் கேட்க வேண்டியவை சில. பதிவுச் சான்று உண்டா? வந்து செல்லும் மருத்துவர் யார்? முதல் வாரத்தில் வலிப்பு வந்தால் எங்கே கொண்டு செல்வர்? வாரம் ஒருமுறை அவரோடு தனியே பேச விடுவரா? முன்னறிவிப்பின்றி நம் சார்பில் ஒருவர் சென்று பார்க்கலாமா? இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை மழுப்பலாக வருமாயின் பணத்தை அனுப்பாதிருப்பதே அன்பு. 14446 என்னும் தேசிய உதவி எண்ணும், விமுக்தியின் 14405 என்னும் எண்ணும் வழிகாட்டக் காத்திருக்கின்றன.

தமிழ்ச் சங்கங்களும் இதில் ஒன்று செய்யலாம். விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், மலர் வெளியிடுகிறோம். அவற்றோடு, ஊரில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர், செவிலியர், வழக்கறிஞர் ஆகியோருள் நால்வரைக் கொண்டு ஒரு பார்வைக் குழு அமைத்தல் அரிதன்று. பெயர்ந்து வாழும் குடும்பங்களின் சார்பில் அவர்கள் திங்களுக்கு ஒருமுறை சென்று, 'நலமா?' என்று தமிழில் கேட்டு வந்தால் போதும். வெளியிலிருந்து ஒருவர் வருவார் என்று அறிந்த இல்லத்தில் கை ஓங்குவதற்குத் தயங்கும். நல்ல இல்லமாயின் அவ்வருகையை மகிழ்ந்து வரவேற்கும். தன் நற்பெயருக்கு அதைவிட நற்சான்று வேறில்லை.

குடித்தவன் தன் உரிமையை இழந்தான் என்று உலகம் கூறலாம். அவன் மனிதன் என்பதை இழந்தான் என்று எவரும் கூற முடியாது. நாம் அவனை நம்பாமல் இருக்கலாம். அதற்கு அவன் காரணமும் தந்திருக்கலாம். நம்பாதவனுடைய சொல்லையும் கேட்பதற்கு ஒருவரை நியமித்து வைப்பதே நாகரிகம் பெற்ற அரசின் அடையாளம். அவர் உண்மையாகவே சென்று கேட்கிறாரா என்று பார்ப்பது நாகரிகம் பெற்ற மக்களின் அடையாளம். பாறசாலையிலும் களியக்காவிளையிலும் எங்கேனும் ஒரு கதவு இன்று பூட்டியிருக்கலாம். அதனைத் தட்டும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. தட்டும் கை நம்முடையதாக இருக்கட்டும்.